தரையில் கிடந்த தொப்பிகள்

பிளாஸ்டிக் சிப்பாய்களைவிட மட்டமான சரக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவன் நான். மட்டமான சரக்கை உயர்ந்த சரக்காகக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உண்ணி கடித்த தோல், முள்வேலி கிழித்த தோல், உரிக்கும்போது கத்தி இறங்கிய தோல் என்று எத்தனையோ பார்த்து, பூசி, தேய்த்து, பளபளப்பாக்கிக் கப்பலேற்றியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே அந்தப் பொம்மைகளைக் கையில் எடுத்தபோது, செய்தவன் எப்படி வெட்கமில்லாமல் விற்றான் என்றுதான் தோன்றியது.

எழுபதுகளின் கடைசி. குடியிருந்தது வேலூரில். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் தினமும் பஸ்ஸில் ஆம்பூர் போய் வருவேன். அவளோடு வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் குடும்பம் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது, வீட்டுச் சாமான்களை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். கெட்டிக்காரர்கள் ஃபிரிட்ஜையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு வராண்டாவிலேயே நின்றிருக்கிறாள். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பொம்மைப் பட்டாளம்.

"பசங்க ஆடட்டும்னு குடுத்தாங்க" என்றாள்.

பசங்க ஒரு சாயங்காலம் ஆடினார்கள். மறுநாள் கோலிக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், கோலியாவது உருளும். பெட்டி கட்டிலுக்கடியில் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைத் தேடும்போது என் கையில் அகப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

ஆள்காட்டி விரல் உயரம் இருப்பான் ஒவ்வொருவனும். ஏதோ ஒரு காலத்து இங்கிலீஷ் பட்டாளம். உயரத் தொப்பி, முழுக்கால் சட்டை, பூட்ஸ், துப்பாக்கி. அத்தனை பேருக்கும் ஒரே முகம், அந்த முகத்திலும் மூக்கைத் தவிர ஒன்றுமில்லை. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு உச்சந்தலையில் புறப்பட்டு, மூக்கின் மேல் ஏறி, தொப்புள் வழியாக இறங்கிக் கால் நடுவில் முடிந்தது. துப்பாக்கி நுனியில் செருகிய ஈட்டிகள் வெயிலில் வாடிய கீரைத்தண்டுபோல வளைந்திருந்தன. கூடவே சில சின்ன டப்பாக்களில் பெயிண்ட். ஒன்றின் மேல் மனிதச் சதை நிறம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன். எலிக்குஞ்சு நிறத்தில் உறைந்து கிடந்தது. இந்த நிறத்தில் ஒரு மனிதனை எங்கள் ஜில்லாவில் காட்டினால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள்.

தோலில் குறை தேடிப் பழகிய கண் சும்மா இருக்காது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் சர்ஜிக்கல் பிளேடு வாங்கி வந்து சுரண்ட ஆரம்பித்தேன். அது முடிந்ததும் வளைந்த ஈட்டியை வெந்நீரில் காட்டி நிமிர்த்தினேன். பிறகு கையை வெட்டி வேறு பக்கம் திருப்பி, உள்ளே குண்டூசி செருகி ஒட்டினேன். எல்லாரும் ஒரே மாதிரி நேராகப் பார்த்தால் அது பட்டாளமா, ஃபோட்டோ ஸ்டூடியோவா? கழுத்தை அறுத்துத் தலைகளையும் திருப்பி வைத்தேன்.

என் மனைவி இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்ப்பாள். "நாங்க ஆப்பரேஷனுக்கு முன்னாடி கையையாவது கழுவுவோம்" என்பாள்.

கடையில் வாங்கிய எனாமல் பெயிண்டைப் பூசினேன். பூசியபோது ஜோராகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் துப்பாக்கியிலும் முழங்கையிலும் அம்மைத் தழும்பு காய்வதுபோல உரிந்து விழுந்தது. அது வாளி செய்கிற மெத்துப் பிளாஸ்டிக், எதுவும் அதில் ஒட்டாது. மடங்கினால் பெயிண்ட் வெடிக்கும். மடங்கினால் வெடிக்காத பெயிண்ட் பூசுவதுதானே எங்கள் தொழில். ஷாப்பிலிருந்து கொஞ்சம் பைண்டர் கொண்டுவந்தேன். தோலில் வர்ணத்தைப் பிடித்து நிறுத்துகிற பால் மாதிரியான பசை அது. காய்ந்தால் ரப்பர்போல நீளும். பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பைண்டரை மெல்லிசாக ஒரு கோட்டிங் கொடுத்து, அதன் மேல் தோலுக்கு அடிக்கிற பிக்மென்டைப் பூசினேன். துப்பாக்கியைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்தேன். ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. அந்தக் கம்பெனிக்காரன் இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்காததை நான் கட்டிலடியில் கண்டுபிடித்தேன் என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

தலைக்கனம் வந்தால் மூளை வெளியே போய்விடும். சிப்பாய்களோடு சில அதிகாரிகளும் பெட்டியில் இருந்தார்கள். அவர்கள் மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக், துண்டுதுண்டாக வந்து ஒட்டிச் சேர்க்கிற ரகம். அவர்களை நானே கர்ம சிரத்தையாகச் சேர்த்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து ஷாப்புக்குக் கொண்டுபோய், ஸ்ப்ரே கன்னால், தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற லாக்கர் அடித்தேன். எங்கள் பிரிவில் தின்னரும் லாக்கரும் சர்வரோக நிவாரணி. கறை எடுக்கத் தின்னர், கை கழுவத் தின்னர். லாரி டிரைவர் சட்டையில் தார் பட்டாலும் நேராக எங்களிடம்தான் வருவான். தோலை அது ஒன்றும் செய்யாது. அதனால் உலகத்தில் எதையும் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிற புத்தி எங்களுக்கு. வேறு எந்தத் தொழில் செய்கிறவனும் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். நான் கன்னைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதிகாரிகள் உருக ஆரம்பித்துவிட்டார்கள். சேற்றில் விழுந்த பல்லிபோல ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்தான். வாளைத் தூக்கி நின்றவனுக்கு முழங்கால் மடங்கி, முதுகு கூனி, தலை மார்பில் தொங்கிவிட்டது. ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்த மனைவி, "இன்னாங்க, துரைக்கு மயக்கமா?" என்றாள். கூனிப்போனவனைத் தவிர மற்றவர்களைக் குப்பையில் எறிந்தேன். அவனை மட்டும் எதற்கோ மேஜை டிராயரில் போட்டுவைத்தேன்.

இதெல்லாம் என் சொந்தப் பைத்தியமாகவே முடிந்திருக்கும். அந்தப் பெரியவர் வீட்டுக்கு வராமலிருந்தால்.

ரெவின்யூ இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் பொன்விழாக் கமிட்டிக்குத் தலைவர். நன்கொடை வசூலிக்க வந்தவர் கண்ணில், ரேடியோ மேல் வரிசையாக நின்ற சிவப்புக் கோட்டுக்காரர்கள் பட்டுவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, நம்ம கோட்டையில சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்புனாங்களே, அந்தக் காட்சியை இதே மாதிரி செஞ்சு தர முடியுமா? ஸ்கூல் ஹால்ல கண்ணாடிப் பெட்டி போட்டு நிரந்தரமா வெச்சிடலாம்."

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "இப்பத்தாம்மா குடிச்சுட்டு வந்தேன்" என்றார். நான் அதை அன்றைக்குக் கவனிக்கவில்லை. நிரந்தரமா என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என் அப்பா இரண்டு வருஷம் படித்தார். அப்பா என்று எழுதுகிறேனே தவிர, நாங்கள் கூப்பிடுவது நைனா. தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். பிள்ளைமேல் அந்த வாசனை வருகிறது என்று நைனாவை வகுப்புக்கு வெளியே, ஜன்னலோரமாகத் தாழ்வாரத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் அவர் எழுத்துக் கற்றுக்கொண்டார். மூன்றாம் வருஷம் அவரும் குழிக்குப் போய்விட்டார். பிறகு பேரணாம்பட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தோலில் சதை சீவினார். "ஜன்னலாண்ட காத்து நல்லா வரும்டா" என்று அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. அந்த ஹாலுக்குள், தாழ்வாரத்தில் அல்ல ஹாலுக்குள், எங்கள் வீட்டு மேஜையில் செய்த பொருள் ஒன்று கண்ணாடிக்குள் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

வேலையை ஆரம்பித்தேன். அந்தக் காலத்து நம் ஊர்ச் சிப்பாய்க்கு மேலே சிவப்புக் கோட்டு, கீழே தொடைவரை ஒரு சின்ன நிஜார், அவ்வளவுதான். மேலே துரை, கீழே சலவைத் தொழிலாளி. கும்பினிக்காரன் சிக்கனம் அது. நான் பொம்மைகளின் கால்சட்டையைச் சீவிச் சீவி வெறுங்காலாக்கினேன். பூட்ஸை அறுத்துப் பாதம் செதுக்கினேன். விரல்களை ஊசியைச் சூடுகாட்டிக் கீறினேன். உயரத் தொப்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, தலைமுடியைப் பஞ்சும் பைண்டரும் கலந்து வைத்தேன். கோட்டின் வெள்ளைப் பட்டையைப் பூசி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். கண்ணைத் தையல் ஊசியின் முனையால் வைக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் மாறுகண், இன்னும் கொஞ்சம் தவறினால் பேயறைந்தவன்.

நிறத்துக்கு மட்டும் எனக்குக் கஷ்டமே இல்லை. எங்கள் ஷாப்பின் ஷேட் கார்டில் தோல் நிறங்கள் வெளிர் டேனிலிருந்து கரும்பிரவுன்வரை வரிசையாக இருக்கும். எங்கள் ஊர் மனிதர்கள் மொத்தமும் அதில் இருந்தார்கள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவன் முகத்தைப் பார்த்து, இவன் இன்ன நம்பர் என்று மனதில் குறித்துக்கொள்வேன். ஒரு சிப்பாய்போல இன்னொருவன் இல்லாமல் ஒவ்வொருவனுக்கும் ஒரு நிறம் வைத்தேன்.

கோட்டைச் சுவரைத் தெர்மாகோலில் வெட்டி, சாம்பல் பூசி, கல்லிடுக்கு கீறினேன். தரைக்குப் பாலாற்று மணலைப் போட்டுப் பார்த்தேன். பொம்மையின் அளவுக்கு ஒவ்வொரு மணல் துகளும் கூழாங்கல்லாகத் தெரிந்தது. ஷாப்பில் தோலை உப்புத்தாள் மெஷினில் தேய்க்கும்போது பறக்கிற தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மரப்பட்டை போட்டுப் பதமிட்ட தோலின் தூள் செம்மண் நிறத்தில் மாவுபோல இருக்கும். அதைச் சலித்துத் தூவினேன். கோட்டைக்குள் மழை பெய்து காய்ந்த மண் அப்படியே வந்துவிட்டது.

பெரியவர் வாராவாரம் வந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் காபி வரும், ஒவ்வொரு முறையும் அவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பார். வேலூரில் அத்தனை காபி குடிக்கிற மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. என் மனைவி நான்காவது வாரம் காபி போடுவதை நிறுத்திவிட்டு, "சார், வர்ற வழியில குடிச்சீங்களா?" என்று அவளே கேட்டுவிட்டாள். "ஆமாம்மா" என்றார் நிம்மதியாக.

ஒரு தடவை தரையைத் தொட்டு, தூளை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். "மண்ணு தத்ரூபம் தம்பி. இந்த மண்ணுக்காகத்தானே உயிரைக் குடுத்தாங்க." கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது அவருக்கு. மண்ணில்லை சார், ஆட்டுத்தோல் என்று நாக்கு நுனிவரை வந்தது. அழுகிற மனிதரிடம் சொல்லவேண்டாம் என்று விட்டேன். உள்ளுக்குள் நான் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் அவர் தொப்பிகளைப் பற்றிச் சொன்னார்.

"நடுவுல தொப்பிங்க குவியலா கிடக்கணும். வெள்ளைக்காரன் போடச் சொன்ன புதுத் தொப்பி. முன்னால தோல் பட்டை வெச்சது. சிப்பாய்ங்க அதைக் கழட்டி வீசிட்டு, மிதிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அதான் காட்சிக்கே உயிர். நிஜத் தோல்லயே செஞ்சிடுங்க. நீங்கதான் தோல்காரராச்சே."

தோல்காரர். நல்ல மரியாதையோடுதான் சொன்னார்.

"தோல் தலையில பட்டா இன்னா சார் ஆவும்?" என்று கேட்டேன்.

"மானம் போயிடும்னு நெனச்சாங்க. அந்தக் காலம் அப்படி."

நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். கைக்கடிகாரத்துக்குக் கறுப்புப் பட்டை, கன்றுத்தோல், நல்ல ஃபினிஷ். இடுப்பில் பெல்ட். வாசலில் கழற்றி விட்டிருந்த ஷூ இரண்டும் எங்கள் ஊர்ச் சரக்கு, மூக்கில் பஃப் அடித்து மெருகேற்றியதில் கொஞ்சம் அவசரம். இடுப்பிலும் காலிலும் கையிலும் ஏறலாம், தலைக்கு மட்டும் ஆகாது. அந்தக் காலம் என்று அவர் சொன்னது எந்தக் காலத்தை என்று கேட்டிருக்கலாம். அவர் இப்போதுதான் காபி குடித்துவிட்டு வந்திருந்தார்.

செத்துப்போன சிப்பாய்களை நான் இகழவில்லை. மேலே இருப்பவன் சொன்னதை முடியாது என்றவர்கள். அதற்காகச் சவுக்கடி பட்டவர்கள், பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்கள். நெற்றியில் இருப்பதை அழி, தாடியை மழி என்று எவன் சொன்னாலும் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். அதில் எனக்கு அவர்களோடு சண்டையில்லை. ஆனால் அந்தத் தோலைப் பதமிட்டவன் ஒருவன் இருந்திருப்பான். எங்கள் ஊர்க்காரனோ வேறு ஊர்க்காரனோ, சுண்ணாம்பில் நகம் தேய்ந்தவன். அவன் கை பட்டதால்தான் அது தீட்டு. அவர்கள் மானத்துக்காகக் கிளம்பினார்கள் என்று பெரியவர் கண்கலங்கும்போது, அந்த மானத்துக்கு எதிர்ப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. யோசிக்கிற அவசியம் அவருக்கு வந்ததில்லை.

இருந்தும் நான் செய்தேன். அந்த ஹால் எனக்கு வேண்டியிருந்தது.

வெள்ளாட்டுத் தோலில் ஒரு துண்டை எடுத்து, கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தை வெங்காயத்தோல்போல மெலிதாகும்வரை சீவினேன். ஈரமாக்கி, பென்சிலின் அடிக்கட்டையில் இழுத்துப் பிடித்து, நூலால் கட்டிக் காயவைத்தால் தொப்பியின் வடிவம் வந்தது. முகப்பில் ஒரு மயிரிழைப் பட்டை. தையல் தெரிய ஊசியால் குத்தினேன். சொல்வதற்கென்ன, அந்தப் பட்டாளம் மொத்தத்திலும் பார்க்க லட்சணமாக இருந்தவை அந்தத் தொப்பிகள்தான். சிப்பாய்கள் எவ்வளவு சீவினாலும் பிளாஸ்டிக். தொப்பி நிஜம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, குவியலை நடுவில் அமைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நைனா எங்களோடுதான் இருந்தார். அதுவரை அந்த மேஜைப் பக்கம் வந்ததில்லை, பொம்மைமேல் அவருக்கு அக்கறை கிடையாது. அன்றைக்குத் தோல் வாசனை இழுத்திருக்க வேண்டும். வந்து குனிந்து, ஒரு தொப்பியைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டி எடுத்தார். அவருக்கு நகங்கள் பாதிதான் இருக்கும். மற்ற பாதியைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது.

"வெள்ளாடா?"

"ஆமா நைனா."

"பட்டப் பதம்."

"ஆமா."

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லா சீவிக்கிற" என்றார். என் வேலையை அவர் நல்லா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஷாப்பில் சூப்பர்வைசரானபோதுகூடச் சொல்லவில்லை. பிறகு குவியலைக் காட்டி, "இத்த இன்னாத்துக்குக் கீழ போட்டுக்கிறாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். தோல் என்பதால் பிடிக்கவில்லை, தலையில் வைக்கமாட்டோம் என்று வீசிவிட்டார்கள், அதுதான் கதை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப இத்தத் தச்சவன் இன்னா ஆனான்?" என்றார்.

"அது தெரியாது நைனா. அவனப் பத்தில்லாம் யாரும் சொல்லல."

"ம்" என்றார். தொப்பியைத் திரும்பக் குவியலில் போடவில்லை. மேஜை ஓரத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

அந்த ஒரு தொப்பியை நான் பல நாள் தொடவில்லை. சாப்பிடும்போதும் அது அங்கே நின்றது. மனைவி மேஜை துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைத்தாள். எனக்கு எல்லார்மேலும் எரிச்சலாக வந்தது. பெரியவர்மேல், சிப்பாய்கள்மேல், ஹாலுக்கு ஆசைப்பட்டு என் அப்பா தொழிலை நானே தரையில் பரப்பிக்கொண்டிருக்கிற என்மேல். மொத்தத்தையும் வாரிப் பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது. தள்ளினால் திரும்பவும் நாங்கள் தாழ்வாரத்தில்தான்.

டிராயரில் வேறெதையோ தேடும்போது அந்த உருகிப்போன துரை கையில் வந்தான்.

முழங்கால் மடங்கி, முதுகு கூனி, தலை குனிந்து இருந்தான். எங்கள் ஆட்கள் குந்தி உட்கார்ந்து வேலை செய்வது அப்படித்தான். லாக்கர் அவன் பட்டன்களையும் பட்டைகளையும் தின்றுவிட்டிருந்தது. துரைத்தனத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே இன்னும் கொஞ்சம் தின்னரைத் துணியில் தொட்டு ஒற்றி, இந்தத் தடவை வேண்டுமென்றே இளக்கி, நன்றாகக் குந்தவைத்தேன். வாளை வெட்டினேன். கோட்டைச் சீவி வெறும் உடம்பாக்கினேன். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய ஒரு வேட்டி, டிஷ்யூ காகிதத்தில். ஷேட் கார்டில் அவனுக்கு நிறம் தேட வேண்டியிருக்கவில்லை. நைனா பகல் தூக்கத்தில் இருந்தபோது கார்டைக் கொண்டுபோய் அவர் தோளோரம் வைத்துப் பார்த்து வந்தேன். விரல் நுனிகளுக்குக் கொஞ்சம் வெள்ளை. மேஜை ஓரத்தில் நின்ற தொப்பியை அவன் கையில் கொடுத்தேன். சிப்பாய்களின் கால்களுக்கு நடுவே, குவியலின் பக்கத்தில், அதைத் தட்டித் துடைத்துக்கொண்டிருக்கிறவனாக உட்காரவைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் வண்டி வைத்து ஹாலுக்குக் கொண்டுபோனோம். பெரியவர் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டு வந்தவர் நடுவில் நின்றார்.

"இது யாரு தம்பி?"

"தொப்பி செஞ்சவன் சார்."

"சரித்திரத்துல அப்படி யாரும் வரலையே."

"தொப்பி வந்துக்குதே சார். செய்யாம வருமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடம் பொருத்தமா இல்லையே. எடுத்துட்டா நல்லாருக்கும்" என்றார்.

"எடுத்தா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன் சார்."

மறுநாள் காலையில் சிறப்பு விருந்தினர் வருகிறார், அழைப்பிதழில் கோட்டைக் காட்சி என்று அச்சடித்தாகிவிட்டது. "சரி, பாத்துக்கலாம்" என்றார். ரெவின்யூவில் அத்தனை வருஷம் இருந்தவர், எதையும் எடுக்காமலே இல்லாமல் செய்யத் தெரியாதா அவருக்கு.

விழாவன்று நைனாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துப் போனேன். தாழ்வாரத்தில் அந்த ஜன்னலைத் தாண்டும்போது நின்று கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ஹாலுக்குள் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அழகான கையெழுத்தில் சின்னச் சின்ன அட்டைகள் வைத்திருந்தார்கள். கோட்டைச் சுவர். கும்பினிச் சிப்பாய்கள். எதிர்த்து வீசிய தொப்பிகள். நான் அவசரமாக நடுவில் பார்த்தேன். அவனுக்கும் ஒரு அட்டை இருந்தது.

காயம்பட்ட சிப்பாய்.

மேடையைப் பார்த்தேன். பெரியவர் சிறப்பு விருந்தினர் பக்கத்தில் உட்கார்ந்து, சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நைனாவை அப்படியே திருப்பி அழைத்துப் போய்விடலாம் என்று தோளைத் தொட்டேன். அவர் நகரவில்லை. கண்ணாடியில் நெற்றி படுமளவு குனிந்து அந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்ட எழுத்து, ஒவ்வொன்றாகத்தான் வரும். முதலில் கா. பிறகு ய. விரலால் காற்றில் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். முடித்ததும் அவனை உற்றுப் பார்த்தார். ஷாப்பில் தோலைச் சுழற்றுகிற டிரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே வாழ்நாளெல்லாம் பேசியவர், மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

"காயமா? எங்கடா பட்டுக்குது?" என்றார், ஹால் முழுக்கக் கேட்கிற குரலில். "நல்லாத்தான குந்தினு வேல செய்யறான்."